மயானக் கொள்ளையில் ஆண்கள் அம்மன் வேடம் போடுவதை எப்படிப் புரிந்துகொள்வது?

வினா – ஆய்வு மாணவி, காவேரிப்பட்டணம்
மாசி அமாவாசையை ஒட்டி எங்கள் ஊரில் நடைபெறும் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளையில், சேலை உடுத்தி, முகத்தில் வண்ணம் பூசி, எலுமிச்சம்பழ மாலையுடன் அங்காளம்மனாகவும் காளியாகவும் வருபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ‘ஆணாதிக்கச் சடங்கு’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம் என்கிறார் என் நெறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு கோணத்தில் எவரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா?

மறுமொழி – தருமபுரி
திருப்பதியில் நடக்கும் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரையைப் பற்றி ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலை முதலில் படியுங்கள், அம்மா. அங்கும் ஆண்கள் புடவை கட்டிச் சடை வைத்துக்கொள்கிறார்கள்; பெண்களோ முகத்தில் மஞ்சள் பூசுவதோடு நின்றுவிடுகிறார்கள். தெய்வத்தின் சக்தியில் பெண்களுக்கு இயல்பாகவே பங்கு உண்டு என்பதால் அவர்களுக்கு வேடம் தேவைப்படுவதில்லை, அதை நெருங்க உருமாற வேண்டியவர்கள் ஆண்களே என்பது அவர் வாதம். உங்கள் நெறியாளரின் வரியை இது அப்படியே புரட்டிப் போடுகிறது.

மறுமொழி – பாலக்கோடு
வாதம் அழகானதுதான்; ஆனால் கங்கம்மாவுக்குச் சொன்னதை அங்காளம்மனுக்கு அப்படியே பொருத்த இயலாது. பிரமனின் தலையைக் கொய்த சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட கபாலத்தை, மயானத்தில் சோற்றை இறைத்துக் கீழே இறங்கச் செய்து அடக்கியவள் அங்காளம்மன் என்பதே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் கதை. கணவனையே மீட்கும் தெய்வம் அவள். அந்தக் கோயிலில் பூசை செய்யும் உரிமையோ பருவதராஜகுலம் என்னும் சமூகத்து ஆண்களிடம் வழிவழியாக இருந்துவருகிறது. வேடம் ஒரு நாளில் கலைந்துவிடும், பூசை உரிமை கலையாது என்பதையும் ஆய்வில் சேர்த்தாக வேண்டும்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளச் சடங்கையும் பாருங்கள். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் அடி விழுந்த பிறகு, விரித்த கூந்தலை முடிகிற பாஞ்சாலி, பெரும்பாலும் ஆண் கூத்துக் கலைஞரே. அவர் கைத் துடைப்பத்தால் அடி வாங்கப் பெண்கள் முண்டியடித்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவரை ஆண் என்று எவரும் கருதுவதில்லை. திரௌபதி வழிபாட்டைப் பற்றி, செஞ்சியை மையமாக வைத்து ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இலும் 1991இலும் எழுதிய இரு தொகுதிகள் இதற்குத் துணை நிற்கும்.

மறுமொழி – ஊத்தங்கரை
நூல்கள் இருக்கட்டும். வேடம் போடுகிறவரை மட்டும் பேட்டி கண்டால் ஆய்வு ஒருபக்கமாகவே நிற்கும். அவருக்குச் சேலை கொடுப்பது யார், காப்புக் கட்டிய நாள்முதல் அந்த வீட்டுப் பெண்கள் எவ்வாறு விரதம் காக்கிறார்கள், மாதவிலக்கான பெண் எங்கே தங்குகிறாள், திருவிழா அல்லாத நாட்களில் அருள் வந்து குறி சொல்லும் பெண்ணிடம் ஊரார் எதற்காகப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஆண்கள் இல்லாத வேளையில் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.