ஆலய மண்டபத்தை மழைக்காலத் தங்குமிடமாக்க ஆலோசனை தேவை

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு வணக்கம்.

பதுளை மாவட்டத் தோட்டமொன்றில், மண்சரிவு அபாயமுள்ள லயங்களுக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அருகில் எங்கள் சிறிய கிறிஸ்தவ சபை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் அறைகள் ஆட்களோடு மண்ணில் புதைந்ததை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. ஆகவே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியேறும்படி எச்சரிக்கும் இரவுகளில், இந்து, பௌத்த, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் அனைத்துக்கும் ஆலய மண்டபத்தைத் திறந்துவிடத் தீர்மானித்துள்ளோம்.

இடம் போதும், சமையல்தான் சிக்கல். எங்களிடமுள்ள ஒரே பெரிய அண்டாவில் நத்தாருக்கு மாட்டிறைச்சிக் கறி சமைப்பது வழக்கம். ஐப்பசி மழையோடு கந்த சஷ்டி விரதமும் சேர்ந்து வருகையில், அதே அண்டாவில் சோறு வடித்துப் பரிமாறிவிட்டு அதை அன்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய பாத்திரங்களில் சைவச் சமையல் மட்டும் செய்தால் அனைவருக்கும் ஏற்றதாக இருக்குமா?

தங்க வருவோர் நடுவில் ஜெபக்கூட்டம் நடத்தலாம் என்று சபையில் சிலர் கூறுகிறார்கள். மதம் மாற்றவே அழைக்கிறோம் என்ற அச்சம் எழும் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கவனிக்கும்படி நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தானேயன்றி, அடிபட்டவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லையே!

இவ்வாறு மண்டபம் திறந்த அனுபவமுள்ளோர் வழிகாட்டுங்கள். இரண்டு பெரிய அண்டாக்கள் தரக்கூடியவர்களும், அறிவித்தலைப் பிழையின்றிச் சிங்களத்தில் எழுதித் தரக்கூடியவர்களும் ஒக்டோபர் மழைக்கு முன்னர் இங்கே பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.