ஊர்வீட்டுக் கூரைக்குப் பணம் அனுப்பப் போகிறீர்களா? தகரம், அஸ்பெஸ்டஸ், ஓடு, எது கட்டுப்படியாகும்

புதிதாக வெளிநாடு வந்திருக்கிற இலங்கை மலையகத்துத் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மில் பலர் முதலில் நினைப்பது ஊர்வீட்டுக் கூரையைத்தான். நானும் அப்படித்தான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன், இப்போது கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். மழை இறங்கினால் அம்மா ஒரு பால்மா டின்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார், இன்னொன்றை அடுப்போரம் வைப்பார். கொடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டையில் துருத்தண்ணி சொட்டிவிடும். அந்தக் கறையோடு பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு.

அதனால்தான் அவசரப்பட்டேன். போனில் சீட்டின் (கூரைத் தகட்டின்) விலையை மட்டும் கேட்டு, அதற்கும் கூலிக்கும் கணக்குப் போட்டு அனுப்பிவிட்டேன். பழைய தகரத்தைக் கழற்றிய பிறகுதான் கைமரங்கள் உளுத்துப்போயிருந்தது தெரிந்தது. பாஸ் (கூரை வேலை செய்யும் மேஸ்திரி) ஒரு மரத்தை விரலால் அழுத்த, அது ஈரப் பாண் மாதிரி உள்ளே போயிருக்கிறது. மரத்துக்குக் காசு இல்லை. ஜூன் மாதம், விடாத மழை. தார்ப்பாயைக் கட்டிவிட்டு அம்மா மூன்று வாரம் மாமா வீட்டில் இருந்தார். இந்த நிலைமை உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது.

கூரை வேலையில் கணக்கு 'ஸ்குவயர்'தான். ஒரு ஸ்குவயர் என்றால் 100 சதுர அடி. கனடாவிலும் கூரைக்காரர் இதே அளவில்தான் விலை சொல்கிறார். வீட்டின் தரை அளவும் கூரை அளவும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். மலையகத்தில் இந்திய அரசின் உதவியோடு நடந்த வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் (நம் காணி அளவு) காணியில் கட்டிய வீடுகள் 550 சதுர அடி. அப்படி ஒரு வீட்டுக்குச் சாய்வையும் நான்கு பக்க இறவாரத்தையும் சேர்த்தால் கூரை ஏறத்தாழ 8 ஸ்குவயர் வந்துவிடும். 550 என்று சொல்லி விலை கேட்டால் பாதியில் பணம் தட்டுப்பாடாகும்.

இனி 8 ஸ்குவயரை வைத்தே பார்ப்போம். கலிகட் ஓடு என்றால் சுமார் 1,100 ஓடு வேண்டும், உடைவது தனி. எடை ஏறத்தாழ 3 டன், மழையில் ஊறினால் இன்னும் கூடும். நாம் 'அமானோ சீட்' என்று பொதுவாகச் சொல்லும் துத்தநாக அலுமினியம் பூசிய சீட் 0.47 மில்லிமீட்டர் தடிப்பில் போட்டால் முழுக் கூரையும் 400 கிலோவுக்குள் அடங்கும். அஸ்பெஸ்டஸ் இரண்டுக்கும் நடுவில், ஒரு டன் அளவில் நிற்கும். இந்த எடையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செலவைத் தீர்மானிப்பது மேலே போடும் பொருள் மட்டுமல்ல, அதைத் தாங்கும் மரமும்தான். ஓட்டுக்கு ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு ரீப்பர் (குறுக்குச் சட்டம்) அடிக்க வேண்டும், கைமரமும் நெருக்கமாக வேண்டும். சீட்டுக்கு மூன்று நான்கு அடிக்கு ஒரு சட்டம் போதும். ஓடு இருந்த இடத்தில் சீட் போட்டால் இருக்கிற நல்ல மரத்தையே திரும்பப் பாவிக்கலாம். தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போட்டால் மரம் முழுக்கப் புதிது, பழைய சுவர் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பொதுவாக, பொருள், மரம், கூலி எல்லாம் சேர்த்தால் மலிவு அஸ்பெஸ்டஸ், அடுத்தது மெல்லிய அமானோ, பிறகு தடித்த அமானோ, அதற்கு மேல் ஓடு. கொங்கிரீட் சிலாப் இவை எல்லாவற்றையும் விடப் பல மடங்கு. மேலே இன்னொரு மாடி கட்டும் எண்ணமும் அதற்கேற்ற அத்திவாரமும் இருந்தால் ஒழிய அதை யோசிக்க வேண்டாம். ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தவர்கள் நாம். சீட்டுக்கான உலோகச் சுருளும் அஸ்பெஸ்டஸ் நாரும் இறக்குமதிதான், டொலரோடு விலையும் ஏறும். ஓடு உள்ளூர் மண், ஆனால் தங்கொட்டுவ, வைக்கால் பக்கமிருந்து லொறி மலையேற வேண்டும். ஹட்டனில் இறங்கும்போது ஒரு விலை, அங்கிருந்து தோட்டத்துக்குப் போக இன்னொரு வாடகை. அதனால் பணம் அனுப்பும் வாரத்தில் இரண்டு கடையில் எழுத்தில் விலை வாங்கச் சொல்லுங்கள். வாசல் வரை கொண்டுவந்து இறக்கும் கூலியும் அதில் இருக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் மலிவு என்று அப்பா அம்மா அதையே கேட்பார்கள். என் பதில் வேண்டாம் என்பதுதான். உடைத்தாலும் துளைத்தாலும் பறக்கும் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கனடா ஒரு காலத்தில் இதை உலகத்துக்கே தோண்டி விற்ற நாடு. 2018 கடைசியில் தடை செய்தது. இலங்கையும் 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தயாரானது. 2017 டிசம்பரில் தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது, அஸ்பெஸ்டஸ் வந்ததும் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்துதான். சில நாளில் அரசு அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. நம் அம்மாமார் பறித்த கொழுந்துக்காக, அவர்கள் தலைக்கு மேலேயே அந்தச் சீட் தங்கிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

ஆகவே என் தெரிவு தடித்த அமானோ, அதற்குக் கீழே சீலிங். சீலிங்கை மிச்சம் பிடிக்க வேண்டாம். நுவரெலியா, அக்கரபத்தனைக் குளிரில் விடியும்போது வெறும் சீட்டின் அடியில் பனி வியர்த்துச் சொட்டும், ஒழுகுகிறது என்று நினைத்து பாஸைத் திட்டுவார்கள். மழைச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்கவும் முடியாது. குசினியில் விறகடுப்பு இருந்தால் புகை போக வழி வையுங்கள், புகை தங்கினால் சீட் சீக்கிரம் அரிக்கும். ஆணிக்குப் பதிலாக ரப்பர் வாசருடன் வரும் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். பதுளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று முகட்டையே பிய்த்துப் பார்க்கும், அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போட வேண்டும். ஓடு நல்லதுதான், வெயிலுக்குக் குளிர்ச்சி, ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றலாம். ஆனால் குரங்குக் கூட்டம் வரும் இடமென்றால் அந்த 'ஒன்று' வாரத்துக்குப் பத்தாகும்.

லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 10க்கு 12 அடிக் காம்பராக்கள் (அறைகள்) வரிசையாக ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உங்கள் காம்பராவுக்கு மட்டும் புதுச் சீட் போட்டால், பழைய தகரத்தோடு சேரும் இடத்தில் அலை பொருந்தாது. தண்ணி பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) இறங்கும், பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும். எங்கள் லயத்தில் இரண்டாம் முறை நான்கு வீட்டார் சேர்ந்து செய்தோம். லொறி ஒன்று, பாஸ் ஒருவர், வெட்டுத் துண்டு வீணாகவில்லை, ஒரு வீட்டுக்கு வந்த செலவும் குறைந்தது. கூரையில் கைவைக்கும் முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காணியும் லயமும் நம் பெயரில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

காலமும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். பதுளைப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வானம் வெளித்திருக்கும். 2025 நவம்பர் டிட்வா புயலுக்குப் பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு இருந்தாலோ மரங்கள் சரிந்திருந்தாலோ கூரைப் பணத்தை நிறுத்தி வையுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் காட்டச் சொல்லுங்கள். கூரை புதிதானால் பீலியும் (இறவாரத்துத் தண்ணிக் குழாய்) சேர்த்துப் போடுங்கள், கூரைத் தண்ணி மேட்டுக்குள் ஊறாமல் கானுக்கு (வடிகாலுக்கு) போக வேண்டும்.

பணத்தை மொத்தமாக அனுப்பாதீர்கள். முதலில் கூரையின் ஒரு மூலையைத் திறந்து மரத்தைப் பார்க்க மட்டும் கூலி. பிறகு மரம், அது ஏறிய படம் வந்ததும் சீட்டுக்குக் கடைக்கே நேராக. சீட்டில் அச்சடித்திருக்கும் தடிப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், 0.47 என்று பேசி 0.35 இறங்குவது நடக்கிறது.

கட்டாரில் இருக்கிற ஒரு தங்கச்சி, கழற்றும் பழைய அஸ்பெஸ்டஸை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தங்கச்சி, கழற்றும் முன் தண்ணி அடித்து நனைக்கச் சொல்லுங்க. சுத்தியலால் தட்டி உடைக்காமல், நட்டைக் கழற்றி முழுச் சீட்டாக இறக்கட்டும். முகத்தில் துணி கட்டினாலோ சாதாரணத் தூசு மாஸ்க் போட்டாலோ போதாது, நுண்ணிய நாரைத் தடுக்கும் FFP3 அல்லது P100 மாஸ்க் வாங்கிக் கொடுங்க. உடைந்த துண்டைத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டணும், கோழிக்கூட்டுக்கோ பாதைக்கோ போடக் கூடாது. வேலை செய்தவர் உடுப்பைத் தனியாகத் துவைக்கணும். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து முடிக்கும் வரை உங்க அம்மாவும் பிள்ளைகளும் பக்கத்து லயத்தில் இருக்கட்டும்.