டக்டோயாக்டக் சாலை: உறைமண்ணில் கொட்டிய பணமா, தேவையான செலவா?

வடதிசை:
கனடாவில் இனுவிக்கிலிருந்து ஆர்க்டிக் கரையோரம் டக்டோயாக்டக் வரை 138 கி.மீ. சரளைச் சாலை 2017 நவம்பரில் திறந்தது. செலவு சுமார் 30 கோடி கனடிய டாலர். ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. அதுவரை குளிர்காலத்தில் மெக்கன்சி ஆற்றின் மேலும் கடல் மேலும் பனிச்சாலை போட்டுச் சமாளித்தார்கள். உருகிக்கொண்டிருக்கும் உறைமண்ணின் (பல ஆண்டுகளாக உறைந்தே கிடக்கும் மண்) மேல் போட்ட சாலைக்கு 'நிலைத்த வளர்ச்சி' என்று பெயரா?

சரளை:
பனிச்சாலை இனி கைகொடுக்காது என்பதுதான் சிக்கலே. தெளிந்த பனிக்கட்டி தாங்கும் எடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: செ.மீ.யில் தடிமனை வர்க்கமாக்கி 4ஆல் பெருக்கினால் கிலோ. 100 செ.மீ. என்றால் 40 டன். அதுவே 80 ஆனால் 25.6 டன்தான். தடிமன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கே சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு! வெண்பனி கலந்து உறைந்தது என்றால் அந்தத் தடிமனைப் பாதியாகத்தான் எடுப்பார்கள். லாரி வேகமாகப் போனாலும் அடியில் நீரலை எழும்பி, கரையருகே பனிக்கட்டியை உடைத்துவிடும். 2006இல் குளிர் குறைந்து, வைரச் சுரங்கங்களுக்குப் போகும் பனிச்சாலையைச் சீக்கிரமே மூடினார்கள். மிச்சச் சரக்கு விமானத்தில் போனது. அந்தச் செலவையும் எழுதுங்கள்.

வடதிசை:
எழுதலாம். ஆனால் இந்தச் சாலையால் "ஆண்டு முழுதும்" போகலாம் என்று விளம்பரம் செய்யாதீர்கள். தெற்கிலிருந்து இனுவிக் வர டெம்ப்ஸ்டர் சாலையில் பீல், மெக்கன்சி என்று இரண்டு ஆறுகள். கோடையில் படகு, குளிரில் பனிப்பாதை. ஆறு உறையும்போதும் உடையும்போதும் இரண்டுமே இல்லை. சில வாரம் லாரி நிற்கத்தான் வேண்டும்.

உறைமண்:
சாலையே வேண்டாம் என்பதைவிட, எப்படிப் போட்டார்கள் என்று பேசலாமே. அங்கே மண்ணை வெட்டக்கூடாது; வெட்டினால் உள்ளிருக்கும் பனிக்கட்டிக்கு வெயில் படும். அதனால் குளிரிலேயே புல்தரை மேல் ஜியோடெக்ஸ்டைல் (மண்வேலைக்கான செயற்கைத் துணி) விரித்து, மேலே மண் கொட்டிச் சாலைக்கரை எழுப்பினார்கள். சிக்கல் எங்கே? குளிரில் தோண்டிய மண்ணிலும் பனிக்கட்டி இருக்கும். கோடையில் அது உருகிக் கரை அமுங்கும். அதைவிட மோசம் கரையின் அடி. காற்று கொண்டுவரும் பனி அங்கே குவிந்து கம்பளிபோல் மூடிவிடும், குளிர் மண்ணுக்குள் இறங்காது. கோடையில் அதே இடத்தில் நீர் தேங்கும். ஓரம் சரிந்து, சாலை நீளத்துக்கு வெடிப்பு விழும். மருந்து: குளிரில் ஓரப்பனியை அகற்றுவது அல்லது மிதித்து இறுக்குவது, கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் குழாய்) பனியால் அடைபட்டால் நீராவி விட்டு உருக்குவது. கட்டும் செலவைவிட இந்த வருடாந்திரச் செலவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சரளை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டக்கில் (டக்டோயாக்டக்) கடல் கரையை அரிக்கிறது, வீடுகளைப் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். அலைதடுப்புக்குக் கனத்த கல் வேண்டும். சாலை இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது, மிதவையிலா? கோடையில் சில வாரம்தான் அது ஓடும்.

வடதிசை:
கல் வரட்டும். கல் லாரி அழுத்திய தடத்தில் திரும்பக் கொட்டச் சரளை வேண்டுமே! அதைத் தோண்டும் குழியிலும் பாதி பனிக்கட்டி என்று உறைமண் இப்போதுதான் சொன்னார்.

உறைமண்:
பாதி என்று நான் சொல்லவில்லை :) ஆனால் கோடையில் தோண்டிக் குவித்து, நீர் வடியவிட்டு, அடுத்த ஆண்டு கொட்டினால் அமுங்குவது குறையும். அதற்கு ஒரு வருடம் முன்பே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.