கோழிக்கு வந்த வெள்ளைக்கழிச்சல் காக்கட்டீலுக்கும்: மதுரைப் பக்கம் எங்கே பரிசோதிக்கலாம்?

அலங்காநல்லூர் பக்கம் வீடு. போன மாதக் கடைசியில் எங்கள் தெருவில் நாட்டுக்கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் (ராணிக்கெட் எனும் வைரஸ் நோய்) மளமளவென்று செத்தன. எங்கள் கோழிகளுக்கு அதே வாரம் ஆர்2பி ஊசி (இந்த நோய்க்கான, உயிருள்ள வைரஸ் உள்ள தடுப்பூசி) போட்டோம், அவை பிழைத்துக்கொண்டன. அடுத்த வாரம் திண்ணைக் கூண்டில் இருக்கும் காக்கட்டீல்களுக்கு (கொண்டை உள்ள சின்னக் கிளி வகை) ஆரம்பித்தது. முதலில் பச்சையாகக் கழிச்சல், இரை எடுக்கவில்லை. அப்புறம் இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கித் தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு ஜோடி போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரு பெட்டை, அதற்கும் தலை நடுங்குகிறது. பக்கத்துக் கூண்டு லவ் பேர்ட்ஸ் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கிளியினம் நோய்க்குறி காட்டாமலே பல மாதம் இந்த வைரஸை எச்சத்தில் வெளியேற்றலாம் என்பதால் அவற்றையும் நம்ப முடியவில்லை.

தனிக்கூண்டு, பல்பு வெப்பம், ஓஆர்எஸ், பி காம்ப்ளக்ஸ், மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஆயிற்று. வைரஸுக்கு மருந்து இல்லை என்று தெரியும்.

என் சந்தேகம் வேறு. தடுப்பூசி வைரஸ்களில் லசோட்டா வீரியம் குறைந்த வகை, ஆர்2பி நடுத்தர வகை. கோழிக்கு அடங்கிப்போகும் வைரஸ் இன்னொரு பறவைக்கும் அப்படியே அடங்கிப்போகும் என்று சொல்ல முடியாது. புறாவில் சுற்றும் வகையும் கோழிக்குள் திரும்பத் திரும்பப் போனால் வீரியம் ஏறுகிறது. எனவே இங்கே வந்தது தெருவில் பரவியதா, ஊசியில் இருந்ததா என்று தெரிந்தே ஆக வேண்டும். வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதம் வெட்டுப்படும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆர்2பியிலும் அது வீரியமுள்ள வகையைப் போலவே இருக்கும்; எஃப் மரபணு முழுவதன் வரிசையையும் ஆர்2பியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செத்த பறவை ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். மதுரையிலோ பக்கத்து மாவட்டத்திலோ கூண்டுப் பறவையின் மாதிரியை வாங்கி ஆர்டி-பிசிஆரும் (வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) இந்த வரிசைப் பரிசோதனையும் செய்து தரும் இடம் எது?