கல்லூரி மின்னஞ்சல் மூடப்படப் போகிறது: என் கணினியில் எது உண்மையில் என்னுடையது?

நெல்லை_முனையம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னை சிறுசேரியில் வேலைக்குச் சேர வேண்டும்.

முதலாம் ஆண்டில் சேர்ந்த வாரத்திலேயே கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியை நான்கு ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிட்டேன். கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) கணக்கு, லிங்க்டுஇன், என்பிடெல் இணையவழிப் படிப்புச் சான்றிதழ்கள், கூகுள் கோலாப்பில் எழுதிய நிரல் குறிப்பேடுகள், குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் என அனைத்தும் அந்த ஒரு முகவரியில்தான் தொங்குகின்றன. ஜூலை 31க்குப் பிறகு படிப்பை முடித்தவர்களின் கணக்குகள் நீக்கப்படும் என்று போன வாரம் அறிவிப்பு வந்தது. கூகுள் டிரைவில் மட்டும் 38 ஜிபி இருக்கிறது. சொந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைப்பதோ 15 ஜிபி.

இரண்டாவது கேள்வி, 2022இல் வாங்கிய என் மடிக்கணினியைப் பற்றியது. 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, உபுண்டு 22.04 லினக்ஸ். அலுவலகம் விண்டோஸ் மடிக்கணினி ஒன்றைத் தரும் என்கிறார்கள். "கம்பெனியே கொடுக்கும்போது உனக்கு எதற்கு இரண்டு? பழையதைத் தம்பிக்குக் கொடு" என்கிறார் அப்பா. தம்பி இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறான். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

கடைசியாக ஒன்று. தமிழ்99 தட்டச்சுப் பயிற்சிக்காக ஒரு சிறு நிரலைப் பைத்தானில் எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதைத் தொடரலாமா, அதில் ஏதேனும் சிக்கல் வருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

—

உரலி_கோவை எழுதியது:

வாழ்த்துகள், தம்பி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்று, பாதியை இழந்துவிட்டுத்தான் பாடம் கற்றேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

38 ஜிபியைப் பார்த்து அஞ்சாதீர்கள். எனக்கு இருந்த 40 ஜிபியில் முப்பதுக்கும் மேல் வகுப்புக் காணொளிகளும், யாரோ பகிர்ந்த பிடிஎஃப்களின் மூன்று நான்கு பிரதிகளும்தான். அவற்றை ஒரு வெளி வன்வட்டில் இறக்கிவிட்டால் மீதி பத்து ஜிபிக்குள் அடங்கிவிடும். கல்விக் கணக்குகளுக்கென்றே, நம் தரவை வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் "டிரான்ஸ்ஃபர்" என்றொரு வசதி உண்டு. அது மின்னஞ்சல்களையும் டிரைவ் கோப்புகளையும் நேராக உங்கள் சொந்தக் கணக்கில் நகலெடுத்துக் கொடுக்கும். கோலாப் குறிப்பேடுகளும் டிரைவில் உள்ள கோப்புகளே என்பதால் அவையும் கூடவே வந்துவிடும். கல்லூரியின் நிர்வாகி அதை முடக்கியிருந்தால் வழக்கமான டேக்அவுட் வழியாகப் பதிவிறக்க வேண்டியதுதான். எந்த வழியானாலும் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நகலெடுப்பு முடியச் சில நாள்கள் ஆகலாம். பதிவிறக்க இணைப்புகளோ ஏழு நாளில் காலாவதியாகிவிடும்.

நான் இழந்தது எனக்குச் சொந்தமாக இருந்த கோப்புகளை அல்ல. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை நாங்கள் நால்வரும் சேர்ந்து எழுதினோம். ஆனால் அந்தக் கோப்பைத் தொடங்கியவள் என் தோழி. என் திரையில் அது என் கோப்பு போலவே தெரிந்துகொண்டிருந்தது. அவளுடைய கல்லூரிக் கணக்கு நீக்கப்பட்டதும், அவள் உரிமையில் இருந்த அந்த அறிக்கையும் மற்ற மூவரிடமிருந்தும் சேர்ந்தே மறைந்துபோயிற்று. ஆகவே "என்னுடன் பகிரப்பட்டவை" என்ற பகுதியைத் திறந்து, வேண்டியவற்றுக்கெல்லாம் உங்கள் சொந்தக் கணக்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இதை இன்றே செய்யலாம்.

கோப்புகளை விடக் கடினமானது, "கூகுள் வழியாக உள்நுழைக" என்று அழுத்தி நாம் திறந்துவிட்ட கணக்குகள். அவற்றுக்குக் கடவுச்சொல்லே இராது. கல்லூரிக் கணக்கு மறைந்தால் உள்ளே போக வாசலும் இல்லை. கூகுள் கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளில், எந்தெந்தத் தளங்களோடும் செயலிகளோடும் அது இணைக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாக உள்ளே போய் மின்னஞ்சலை மாற்றி, தனிக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டு வாருங்கள். குரோமில் உள்ள கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்து பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் காப்பகச் செயலி ஒன்றில் சேர்த்த பின், ஏற்றுமதிக் கோப்பை அழிக்க மறக்கக் கூடாது. அதில் எல்லாம் திறந்த எழுத்தில் இருக்கும். கைபேசியின் தொடர்பு எண்கள் எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகின்றன, உள்நுழைவுக் குறியீடுகளைத் தரும் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலி எந்தக் கணக்கோடு ஒத்திசைகிறது என்பவற்றையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு அது கூகுள் கணக்கில் காப்பு எடுக்கத் தொடங்கியதிலிருந்து, பலரும் அறியாமலேயே கல்லூரிக் கணக்கில் அந்தக் குறியீடுகளை வைத்திருக்கிறார்கள்.

கிட்ஹப்பைப் பொறுத்தவரை, மாணவர் சலுகைகள் போனாலும் கணக்கும் களஞ்சியங்களும் (நிரல் தொகுப்புகளும்) அப்படியே இருக்கும். சொந்த முகவரியைச் சேர்த்து முதன்மையாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் கல்லூரி முகவரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்; நீக்கினால் நான்கு ஆண்டு கமிட்டுகள் (பதிவு செய்த நிரல் மாற்றங்கள்) உங்கள் பெயரோடு இணையாமல் போய்விடும். அதே சமயம், கடவுச்சொல் மீட்பு முதன்மை முகவரிக்கு மட்டுமே செல்லும்படி அமைத்துவிடுங்கள். நாளைக்கு அதே முகவரியைக் கல்லூரி வேறு ஒரு மாணவருக்குக் கொடுத்தாலும் கவலை இராது.

—

பழைய_வழங்கி எழுதியது:

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணினி நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: மடிக்கணினியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அலுவலகக் கணினி உங்கள் மேசையில் இருந்தாலும் அதன் நிர்வாகி நீங்கள் அல்ல. எதை நிறுவலாம், யுஎஸ்பி வேலை செய்யுமா, எப்போது மறுதொடக்கம் ஆகும் என்பதெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து தீர்மானிக்கப்படுபவை. பல நிறுவனங்கள் தங்கள் வேர்ச் சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று உலாவிக்குச் சொல்லும் கோப்பை) அதில் நிறுவியிருக்கும். அப்படி நிறுவப்பட்டிருந்தால், முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் தெரிகிற தளங்களுக்குச் செல்லும் தரவையும் இடையில் நிற்கும் நிறுவனத்தின் வழங்கி (சர்வர்) பிரித்துப் பார்க்க இயலும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டால் தெரியாது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கண்காணிக்கும் மென்பொருள் கணினிக்குள்ளேயே இருக்கும்போது எந்த இணையத்தில் இணைந்தால் என்ன? வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், அடுத்த வேலைக்கான விண்ணப்பம் ஆகிய மூன்றையும் அதில் திறக்காதீர்கள். வேலையை விட்டுப் போகும் நாளில் கணினி எங்களிடம் வந்ததும் முழுமையாக அழிக்கப்படும். "என் கல்யாணப் படங்கள் அதில் இருக்கின்றன" என்று மறுநாள் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு.

ஆனால் கல்லூரியிலிருந்து வருபவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நான்கு ஆண்டுகளாக எல்லாமே இலவசம் என்று பழகிவிடுகிறார்கள். அது யாருக்கு, எதற்கு இலவசம் என்று படித்துப் பார்த்ததில்லை. நிரல் எழுதும் கருவிகளைத் தரும் ஜெட்பிரெய்ன்ஸின் மாணவர் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்டில் விதிகளை மாற்றியபோது, 250க்கு மேல் ஊழியர்களோ ஒரு கோடி டாலருக்கு மேல் ஆண்டு வருவாயோ உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்றாயிற்று. பைத்தான் தொகுப்புகளைத் தரும் அனகோண்டாவின் இயல்புநிலைத் தொகுப்புகளுக்கும் பெரிய நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு கட்டற்றது, ஆனால் அதன் கூடவே நாம் யோசிக்காமல் நிறுவுகிற எக்ஸ்டென்ஷன் பேக்கின் இலவச உரிமம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான். ஆரக்கிளின் ஜாவா சந்தாவோ 2023 ஜனவரியிலிருந்து, யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பாராமல், நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு நிறுவும் ஒரு கோப்புக்காக நாங்கள் உரிமத் தணிக்கையில் பதில் சொல்ல நேரிடும். ஜாவாவுக்கு ஓப்பன்ஜேடிகே, டாக்கருக்குப் பாட்மேன், அனகோண்டாவுக்கு மினிஃபோர்ஜ் என்று பெரும்பாலானவற்றுக்கு மாற்று இருக்கிறது. கேட்டுவிட்டு நிறுவுங்கள், அவ்வளவுதான். லினக்ஸ் பழகிய கைக்கு விண்டோஸ் சலிப்பூட்டினால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வேண்டும் என்று விண்ணப்பியுங்கள். அலுவலக நிரலைச் சொந்தச் செயற்கை நுண்ணறிவுக் கணக்கில் ஒட்டி விளக்கம் கேட்பதும் இதே வகைத் தவறுதான்.

உங்கள் மடிக்கணினிக்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. உபுண்டு 22.04க்கான வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரலில் முடிகிறது, அதற்குள் 24.04க்கு மாறினால் 2029 வரை ஓடும். ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்படாத வகையாக இருந்தால் 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். தம்பிக்குச் சென்னையின் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் புதுப்பித்த மடிக்கணினி ஒன்று பார்க்கலாம், ஆனால் செயலியின் தலைமுறையைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. தம்பியும் லினக்ஸ்தான் என்றால் பழைய தலைமுறைச் செயலியே போதும்.

—

ஒற்றைத்திரை எழுதியது:

மேலே உள்ளவர் கொஞ்சம் அதிகமாகவே அச்சுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். எட்டு ஆண்டுகளாக அலுவலகக் கணினியை மட்டுமே வைத்திருக்கிறேன்; சொந்த வேலைகளைக் கைபேசியில் முடித்துக்கொள்கிறேன். வாடகை அறையில் இரண்டு மடிக்கணினிகளை வைத்துப் பூட்டிக் காப்பதும் ஒரு வேலைதான். சொந்தமாக நிரல் எழுதும் ஆர்வம் இல்லாதவருக்கு அப்பா சொல்வது சரியான யோசனையே.

—

பழைய_வழங்கி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் தமிழ்99 நிரலைத் தொடர வேண்டும் என்கிறார். அதைக் கைபேசியில் எழுத முடியாது. அலுவலகக் கணினியில் எழுதவே கூடாது.

—

கட்டற்ற_கிளை எழுதியது:

அந்த "எழுதவே கூடாது" என்பதற்கான காரணத்தை நான் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். ஆனால் இரண்டு பணி நியமனக் கடிதங்களை வரிவரியாகப் படித்தவன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்தான் வைக்கிறது. அதன் 17ஆம் பிரிவின் (இ) உட்பிரிவுப்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பொருட்டு உருவாக்கப்பட்ட படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமையாளர் வேலை கொடுப்பவரே. கல்லூரிக் காலத்தில் நீங்கள் எழுதிய பகுதி இதற்குள் வராது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில், சொந்தக் கணினியில், அலுவலக வேலையோடு தொடர்பில்லாமல் எழுதுவதும் சட்டத்தின் இந்த வரிக்குள் வராது என்றே தோன்றுகிறது. ஆனால் நியமனக் கடிதத்தில் உள்ள வாசகம் சட்டத்தை விட அகலமாக இருக்கக்கூடும். பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே என்று எழுதியிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கையொப்பமிடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். முன்பே உருவாக்கியவற்றைக் குறிப்பிட இணைப்புப் படிவம் இருந்தால், நிரலின் பெயரையும் களஞ்சியத்தின் முகவரியையும் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

தொழில்நுட்பத்திலும் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுவிடுங்கள். அலுவலகத்துக்குத் தனி எஸ்எஸ்ஹெச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் கோப்பு), சொந்த நிரலுக்குத் தனிச் சாவி. சொந்தச் சாவி அலுவலகக் கணினிக்குள் போகவே வேண்டாம். ஒரே கணினியில் இரண்டு அடையாளங்கள் தேவைப்படும் கட்டாயம் வந்தால், கோப்புறையைப் பொறுத்துப் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொள்ள, நிரல் மாற்றங்களைப் பதியும் கருவியான கிட்டின் அமைப்புக் கோப்பில் இன்க்ளூட்இஃப் என்ற வசதி 2017இல் வந்த 2.13 பதிப்பு முதல் இருக்கிறது. கட்டற்ற களஞ்சியத்தில் ஒரே ஒரு கமிட் அலுவலக மின்னஞ்சலோடு பதிவாகிவிட்டாலும், பின்னாளில் நேர விளக்கம், இட விளக்கம் எல்லாம் நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது நடந்தது. நல்வாய்ப்பாக, திருத்தப்பட்டது ஒரு எழுத்துப்பிழை மட்டுமே.

—

நெல்லை_முனையம் எழுதியது:

அக்காவுக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. இரண்டு இரவுகளில் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் டிரான்ஸ்ஃபர் வசதியை முடக்கியிருக்கிறார்கள். ஆகவே டேக்அவுட் வழியாக, இரண்டு ஜிபி வீதம் பத்தொன்பது கோப்புகளாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பதினொன்றாவது கோப்பின்போது மின்சாரம் போனது. அது மட்டும் மறுபடி இறங்குகிறது. கூகுள் வழியாக உள்நுழைந்த தளங்கள் எத்தனை என்று எண்ணினால் 47 வந்தது. அவற்றில் பாதிக்கும் மேல் எதற்காகத் திறந்தேன் என்றே நினைவில்லை; அவற்றை மூடிவிட்டேன்.

திட்ட அறிக்கை என் நண்பனின் உரிமையில்தான் இருந்தது. அவன் ஊருக்குப் போய்விட்டான். "கணக்கை நேற்றே அழித்துவிடலாம் என்று இருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன்" என்கிறான். பிரதி எடுத்தாயிற்று.

மடிக்கணினி என்னோடு சென்னைக்கு வருகிறது. அப்பாவிடம் கல்யாணப் படங்கள் கதையைச் சொன்னேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தம்பிக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செயலியோடு ஒன்று தேடுகிறோம். நியமனக் கடிதத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில், நீங்கள் சொன்ன அந்த அகலமான வாசகம் அப்படியே இருக்கிறது; இணைப்புப் படிவம் எதுவும் இல்லை. மனிதவளப் பிரிவுக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.