10,000 டன் கொடுத்து 5.5 நாட் வாங்கியது சரியா? அயோவா vs சவுத் டகோட்டா

கவசப்பித்தன்:
இரண்டாம் உலகப்போர் அமெரிக்க பேட்டில்ஷிப் (பெரிய பீரங்கிப் போர்க்கப்பல்) என்றாலே அயோவா வகுப்பைத் தூக்கித் தலையில் வைக்கிறோம். என் கணக்கில் உச்சம் அதற்கு முந்தைய சவுத் டகோட்டா வகுப்புதான். கடற்படை ஒப்பந்தங்கள் விதித்த 35,000 டன் வரம்பை வைத்துக்கொண்டு 9 பதினாறு அங்குல பீரங்கி, 19 பாகை சாய்வில் 12.2 அங்குலப் பக்கக் கவசம், 27.5 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம். அயோவா 45,000 டன். பீரங்கி அதே 9. கவசம் 12.1 அங்குலம், சாய்வும் அதே 19. மிச்ச 10,000 டன் எங்கே போயிற்று? பெரும்பங்கு எந்திரத்துக்கும் நீளத்துக்கும்.

நீராவி33:
பீரங்கி "அதே" இல்லை சார். குழல் நீளம் 45 காலிபரிலிருந்து (குழல் வாயின் விட்டத்தைப் போல 45 மடங்கு) 50 ஆனது. 2,700 பவுண்டு குண்டு விநாடிக்கு 2,300 அடிக்குப் பதில் 2,500 அடியில் கிளம்பும். எட்டும் தூரம் சுமார் 36,900 கெஜத்திலிருந்து 42,345.

நீளத்துக்கு வருவோம். நாட் வேகத்தை நீர்க்கோட்டு நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். சவுத் டகோட்டா 666 அடி, 27.5 நாட்: 1.07. அதே உடலை 33 நாட்டுக்குத் துரத்தினால் 1.28. அங்கே அலைத்தடை சுவர் மாதிரி எழும்பும், குதிரைத்திறனைக் கொட்டினாலும் கப்பல் தன் அலையையே ஏறிக்கொண்டிருக்கும். 860 அடி ஆக்கினால் 1.13. அகலத்தைக் கூட்ட வழியில்லை, பனாமா கால்வாய்ப் பூட்டு 110 அடி, இரு வகுப்புமே 108-ஐத் தொட்டுவிட்டன. ஆக நீளம்தான் ஒரே வழி. 130,000 குதிரைத்திறன் 212,000 ஆனதும் அதனால்தான்.

கவசப்பித்தன்:
கணக்கு சரி, நண்பரே. அந்த 33 நாட் எந்தச் சண்டையைத் தீர்த்தது? 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸின் லேய்ட்டே கடற்போர். சான் பெர்னார்டினோ நீரிணையை அடைக்க அமெரிக்க அட்மிரல் ஹால்சி ஓடினார். போகும் வழியில் டெஸ்ட்ராயர்களுக்கு எண்ணெய் நிரப்ப 12 நாட்டுக்கு இறங்கினார்கள். பிறகு அயோவாவையும் நியூ ஜெர்சியையும் தனியே பிரித்து விரட்டியும், போய்ச் சேர்ந்தபோது ஜப்பானிய அட்மிரல் குரிட்டா நழுவி ஏறக்குறைய மூன்று மணி நேரம். பெரிய கப்பலின் வேகம் கூட வரும் சின்னக் கப்பலின் எண்ணெய்த் தொட்டியில்தான் இருக்கிறது.

நீராவி33:
ஒரு நாளை வைத்துத் தீர்ப்பா? 1942 ஆகஸ்ட் 24, கிழக்கு சாலமன்ஸ் கடற்போர். குண்டுவீச்சில் விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸ் 30 நாட்டுக்குப் பாய, காவலுக்கு வந்த 28 நாட் நார்த் கரோலினா (சவுத் டகோட்டாவுக்கு முந்தைய வகுப்பு) பின்தங்கிவிட்டது. விமான எதிர்ப்பு பீரங்கி எத்தனை இருந்தாலும் பக்கத்தில் இல்லாவிட்டால் எதற்கு?

கவசப்பித்தன்:
இரண்டே மாதம் கழித்து சாந்தா குரூஸ் கடற்போரில் அதே என்டர்பிரைஸுக்குக் காவல் நின்றது சவுத் டகோட்டா. 27.5 நாட்!

பார்பெட்:
இரண்டு பேருமே பக்கக் கவசம் இருக்கும் இடத்தைப் பேசவில்லையே. நார்த் கரோலினாவில் அது வெளியே, 15 பாகை சாய்வு. நான்கு குழல் 14 அங்குல டரட்டுக்காக (சுழலும் பீரங்கிக் கூண்டு)ப் போட்ட வரைபடம் அது, பிறகு மூன்று குழல் 16 அங்குலத்துக்கு மாறினார்கள், கவசம் 14-க்கான அளவிலேயே நின்றது. சவுத் டகோட்டாவில் சாய்வைக் கூட்டவேண்டி வந்தது. வெளியே வைத்துச் சாய்த்தால் நீர்க்கோட்டில் அகலம் குறையும், கப்பலின் நிலைப்பு போகும். அதனால் உள்ளே தள்ளினார்கள், அயோவா அதையே வாங்கிக்கொண்டது.

விலை இதுதான்: மெல்லிய வெளித்தகட்டில் சின்னக் குண்டு பட்டாலும் வெளித்தொட்டி நிரம்பும், கவசத்தைப் பழுதுபார்க்க வெளித்தகட்டை வெட்டவேண்டும். கீழே அதே கவசம்தான் டார்பிடோத் தடுப்புச் சுவர். தடித்த தகடு வளையாது, வளையாததால் வெடிப்பின் வேகத்தை உறிஞ்சவும் முடியாது. 1939 சோதனையிலேயே நார்த் கரோலினா அமைப்பைவிட மட்டம் என்று தெரிந்துவிட்டது. வேகத்தைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டாலும் இந்தக் குறை இரண்டு கப்பலுக்கும் பொது.

கவசப்பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. குறை தெரிந்தபின் கையில் 10,000 டன் கிடைத்தது. பழைய 2,240 பவுண்டு குண்டு 17,700 முதல் 30,900 கெஜத் தூரத்திலிருந்து வந்தால் தாங்கிய கவசம், சொந்த 2,700 பவுண்டு குண்டு வந்ததும் தாங்கும் தூரம் 20,500–26,400 என்று சுருங்கியது. அதை அகலப்படுத்த அயோவாவில் ஓர் அங்குலம்கூடச் சேர்க்கவில்லை.

பார்பெட்:
குவாடல்கனால் கடற்போரைப் பாருங்கள், 1942 நவம்பர் 14–15 இரவு. எதிரிக் குண்டு படுவதற்கு முன்பே சவுத் டகோட்டாவில் மின்சாரம் போய் ரேடார் குருடானது. பிறகு இருபதுக்கும் மேல் குண்டுகள், எந்திர அறை தப்பியது, மேல்தளத்தில் கேபிளும் ரேடாரும் பீரங்கிக்குக் குறிகாட்டும் இயக்கிக் கோபுரமும் சிதைந்தன. கவச அங்குலத்தைக் கூட்டியிருந்தால் அந்த கேபிளுக்கு என்ன லாபம்? அன்று ஜப்பானிய பேட்டில்ஷிப் கிரிஷிமாவை முடித்த அமெரிக்க பேட்டில்ஷிப் வாஷிங்டன் சுட ஆரம்பித்தது 8,400 கெஜத்தில்.

நீராவி33:
அதாவது நீங்கள் போட்ட 20,500 கெஜத்தைவிட ரொம்பக் கிட்டத்தில், கவசப்பித்தன். அந்தத் தூரத்தில் 12 அங்குலமும் ஒன்றுதான், 13-உம் ஒன்றுதான்.