மெசி 35 உழவு இயந்திரத்தின் கிளச் பெடலில் தளர்வு விடலாமா, கூடாதா?

மாங்குளம் பட்டறை:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "புதுக் கிளச் பிளேட் போட்டதும் பெடலில் துளித் தளர்வும் விடாதீர்கள். கால் பட்டவுடன் கிளச் விட வேண்டும்." வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தளர்வு என்பது கிளச் அசையுமுன் பெடல் வெறுமையாகப் போகும் சிறு தூரம். அது இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது மட்டும் கிளச் விரல்களை (கிளச்சை விடுவிக்கும் சிறு நெம்புகோல்களை) தள்ள வேண்டிய ரிலீஸ் பெரிங் எந்நேரமும் அவற்றில் முட்டிச் சுழன்றுகொண்டே இருக்கும். முதலில் பெரிங் கத்தும். பிறகு பிளேட் வழுக்கும். காலபோகம் முடிவதற்குள் புதுப் பிளேட் கருகிவிடும். தயவுசெய்து எவரும் இதை நம்பிச் செய்துவிடாதீர்கள்.

இரணைமடு உழவன்:
எழுதியவன் நான்தான், தம்பி. என் 35 ஐ முப்பது வருடமாக நானே கழற்றிப் பூட்டுகிறேன். இரும்புச் சில்லுப் பூட்டிச் சேறடிக்கும்போது வரம்பு ஓரத்தில் சட்டென்று நிறுத்தித் திருப்ப வேண்டும். பெடல் பாதித் தூரம் வெறுமையாகப் போனால் வரம்பு உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். பட்டறைக்குள் இருப்பவருக்கு இது விளங்காது.

மாங்குளம் பட்டறை:
பாதித் தூரம் என்று நான் எங்கே எழுதினேன்? சிறு தளர்வு என்றுதான் சொல்கிறேன். பிளேட் தேயத் தேய விரல்கள் பெரிங்கை நோக்கி வரும். அதனால் பெடலில் தளர்வு தானாகவே குறைந்துகொண்டு போகும். இன்றைக்கே பூச்சியத்தில் விட்டால் நாளைக்கு எதிலிருந்து குறையும்? இடையிடையே பெடல் கம்பியைத் திருத்துவதே அந்தத் தளர்வைத் திரும்பக் கொண்டுவரத்தான்.

முத்தையன்கட்டு:
ஒன்று கேட்கிறேன். ஒற்றைக் கிளச்சா, இரட்டைக் கிளச்சா? 35 இல் இரண்டும் வந்தன. இரட்டையில் பாதி மிதியில் ஓட்டம் விடும். முழு மிதியில்தான் பி.டி.ஓவும் (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டும்) ஹைட்ரோலிக்கும் நிற்கும். நீங்கள் இருவரும் எந்த மிதியைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இரணைமடு உழவன்:
எந்த மிதியானாலும் தளர்வு கூடாது.

மாங்குளம் பட்டறை:
எந்தக் கிளச்சானாலும் தளர்வு வேண்டும்.

மல்லாவி மண்:
தளர்வைப் பிறகு பார்க்கலாம். இயந்திரத்தை நடுவால் பிரிக்கும்போது முன் அச்சின் இரு பக்கமும் மர ஆப்பு இறுக்காமல் வேலை செய்கிறார்கள். எஞ்சின் பக்கம் சாய்ந்தால் ஆள் தப்பமாட்டான். அதோடு எஞ்சினின் பின் ஒயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். ஒயில் பட்டால் எந்தப் புதுப் பிளேட்டும் வழுக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு வாரத்தில் திரும்பவும் பிரித்தேன்.

இரணைமடு உழவன்:
ஆப்பு அடிக்க எனக்குத் தெரியும். ஜாக்கிதான் இல்லை. போன சிறுபோகத்தில் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை. யாரென்று அவருக்கே தெரியும்.

மாங்குளம் பட்டறை:
அந்த ஜாக்கி எண்ணெய் ஒழுகிய நிலையில்தான் என் கைக்கு வந்தது. சீல் மாற்றி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். அதை இங்கே இழுக்கத் தேவையில்லை. பெடலில் தளர்வு வேண்டும்.

மல்லாவி மண்:
35 எல்லாம் ஒரே மாதிரி என்று பேசாதீர்கள். முதலில் வந்த 4 சிலிண்டர் டீசல் குளிரில் எழும்பவே அழும். 1959 க்குப் பிறகு வந்த பேர்கின்ஸ் 3 சிலிண்டர்தான் இயந்திரம்.

இரணைமடு உழவன்:
என்னுடையது 4 சிலிண்டர். அதைக் குறை சொல்ல வேண்டாம். 2009 ஜனவரியில் போரில் இடம்பெயர்ந்தபோது பரந்தன் முல்லைத்தீவு வீதியில் மூன்று குடும்பத்தைப் பெட்டியில் ஏற்றி வந்தது அதுதான். வீதி முழுக்க வாகனம். நாள் முழுக்க முதல் கியரில் ஊர்ந்தோம். கால் கிளச்சை விட்டு எடுக்கவேயில்லை. பெடலில் தளர்வு இல்லாத அந்தக் கிளச் எங்களைக் கைவிடவில்லை.

மாங்குளம் பட்டறை:
அதே வீதியில் நானும் வந்தேன், அண்ணை. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பிளேட் கிடைக்காமல் பழைய தகட்டுக்கு லைனிங் வெட்டி ரிவெட் அடித்துக் கொடுத்த கை என்னுடையது. எத்தனை கருகிய பெரிங் பார்த்திருப்பேன்! பெடலில் கால் வைத்தபடியே ஓட்டியவர்களும் தளர்வு விடாதவர்களும் கொண்டுவந்தவைதான் அவற்றில் அதிகம். உங்கள் கிளச் தாங்கியது நீங்கள் நல்ல ஓட்டி என்பதால். பூச்சியத் தளர்வு சரி என்பதால் அல்ல.

முத்தையன்கட்டு:
ஒற்றையா, இரட்டையா? இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

மாங்குளம் பட்டறை:
அண்ணை தன் பழைய பெரிங்கைக் கொண்டுவரட்டும். சூட்டில் நீலம் பாரித்திருக்கும். அதைப் பார்த்தபிறகு பேசுவோம்.

இரணைமடு உழவன்:
நான் எதற்கு வர வேண்டும்? ஐப்பசியில் என் வரம்புக்கு வந்து நின்று பாருங்கள், தம்பி. வரும்போது ஜாக்கியையும் கொண்டுவாருங்கள்.